ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். காலை எட்டரை மணி. செல்லப்பிராணி கிளினிக்கின் கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே வருவது ஒரு டாஷ்ஹண்ட் நாய் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட உடம்பு, குட்டைக் கால்கள், 9 கிலோ எடை, ஐந்து வயது. நேற்று ராத்திரி சோபாவிலிருந்து குதித்திருக்கிறது. விடிந்து பார்த்தால் பின்னங்கால்கள் இரண்டும் எழவில்லை. துண்டில் சுற்றித் தூக்கி வந்திருக்கிறார்கள்.

துண்டோடு கையில் வாங்கும் நர்ஸுக்கு இந்த நாய் புதிதல்ல. எட்டு வாரக் குட்டியாக முதல் தடுப்பூசிக்கு வந்த அன்று மேசைமேல் அணைத்துப் பிடித்தவர் அவர். கருத்தடை அறுவையின்போது மயக்கம் தெளியும்வரை பக்கத்திலேயே இருந்தவரும் அவர்தான். எடை ஏறுகிறது, பிஸ்கட்டைக் குறையுங்கள் என்று வீட்டாரிடம் இரண்டு முறை சொல்லியும் இருக்கிறார். பத்து பத்து நிமிடங்களாக அவர் பார்த்த துண்டுகள், ஐந்து வருடம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன.

மருத்துவர் நாயின் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்துகிறார். கால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. வீட்டாருக்கு உயிர் வந்ததுபோல் இருக்கிறது, கால் அசைகிறதே! ஆனால் அந்த அசைவு மட்டும் எதையும் சொல்லிவிடாது. விரலின் வலி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியைத் தொட்டதுமே அங்கிருந்தே உத்தரவு திரும்பி வந்து காலை இழுத்துவிடும். மூளைக்குச் செய்தி போகாமலேயே நடக்கும் அனிச்சைச் செயல் அது. செய்தி மேலே போனதா என்பதை நாயின் முகத்தில்தான் பார்க்க வேண்டும். தலை திரும்புகிறதா, கண்மணி விரிகிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? மருத்துவர் வால் பக்கம் நிற்கிறார். தலையைப் பிடித்திருப்பவர் நர்ஸ். விரல் அழுத்தப்பட்ட அந்த விநாடியில் முகத்தை மிக அருகில் பார்ப்பவர் அவர்தான். வலி தெரிந்த நாய்க்கு அறுவை செய்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது மறுபடி நடக்கும். வலியே தெரியாத நிலையில் வந்த நாய்களில் பாதியோ பாதிக்குச் சற்று அதிகமோதான் நடக்கும். அவ்வளவு பெரிய வித்தியாசம், ஒரு முகச்சுளிப்பில் இருக்கிறது.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அடிக்கடி ஒரு வரி வரும்: மேல்சிகிச்சைக்காக மதுரைக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்று. பிரிட்டனில் நாய்க்கும் பூனைக்கும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்து அனுப்பும் மேல்சிகிச்சை மருத்துவமனைகள். ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் ராயல் வெட்னரி கல்லூரியின் குயின் மதர் மருத்துவமனை, லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் லேஹர்ஸ்ட், எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக மருத்துவமனைகள், இவை தவிரத் தனியார் மையங்கள். அங்கே நரம்புக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், புற்றுநோய்க்கு ஒருவர், மயக்கவியலுக்கென்றே ஒருவர் என்று நிபுணர்கள் இருக்கிறார்கள். நம் டாஷ்ஹண்ட் இன்று மதியத்துக்குள் அங்கே போய்விடும். அதே பாதையில் இன்னும் ஒருவர் போகிறார். அவரைப் பற்றித்தான் எழுத ஆசை. ஊர் கிளினிக்கில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் மேல்சிகிச்சை மருத்துவமனையில் சேரும் நர்ஸ் அவர்.

விலங்குகளுக்கு நர்ஸா என்று நம்மில் பலருக்குத் தோன்றலாம். பிரிட்டனிலேயே அந்தப் பெயர் எளிதில் கிடைக்கவில்லை. ராயல் வெட்னரி சர்ஜன்கள் கல்லூரி 1961இல் இதற்கு முறையான பயிற்சித் திட்டம் தொடங்கியபோது, நர்ஸ் என்ற சொல் மனிதர்களைப் பேணுவோருக்கே உரியது என்று சட்டம் தடுத்தது. அதனால் பதிவுபெற்ற விலங்குப் பராமரிப்புத் துணையாளர் என்ற பொருளில் ஒரு நீண்ட பெயரைச் சுமந்தார்கள். 1984இல்தான் வெட்னரி நர்ஸ் ஆனார்கள். இன்று பயிற்சி, தேர்வு, பதிவேடு எல்லாம் உண்டு; வருடம் 15 மணி நேரமாவது புதிதாகப் படித்தாக வேண்டும். நோயைக் கண்டறிந்து பெயர் சொல்வதும், உடலின் உட்குழிகளைத் திறக்கும் அறுவையும் மருத்துவருடையவை. மருத்துவரின் வழிகாட்டலில் ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான் போடுவது, தோலில் தையல் போடுவது, மயக்கத்தில் இருக்கும் விலங்கைக் கண்காணிப்பது போன்றவற்றைச் செய்யப் பதிவுபெற்ற நர்ஸுக்கு உரிமை உண்டு. இந்த உரிமை முழுவதையும் எல்லாக் கிளினிக்கிலும் பயன்படுத்த விடுவதில்லை என்ற ஏக்கம் அந்தத் தொழிலில் பழையது. மேல்சிகிச்சைப் பக்கம் நகர்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஊர் கிளினிக்கில் நர்ஸ் என்றால் சகலமும் அவர்தான். காலையில் பல் சுத்தம், மதியம் எக்ஸ்ரே, இடையில் முயலுக்கு நகம் வெட்டல், மாலையில் கருணைக்கொலைக்கு வந்த கிழ நாயின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டாரோடு சேர்ந்து கண்கலங்குவது. மேல்சிகிச்சையில் அந்த அகலம் சுருங்கி ஆழம் கூடுகிறது. மயக்கவியல் பிரிவு என்றால் நாள் முழுக்க மயக்கம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் பகலும் இரவும் அந்த ஒரே அறை. பத்து வருட அனுபவம் உள்ளவர்கூட முதல் மாதம் புதுப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைபோலத் திகைப்பார். இருந்தாலும் கையோடு கொண்டுவந்த ஒன்று அவரிடம் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய சொத்து என்று அவருக்கே முதலில் தெரியாது.

அதற்குமுன், நம் நாய்க்கு என்ன ஆயிற்று?

முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே இருப்பது டிஸ்க். சுற்றிலும் நார் வளையம், நடுவே நுங்குபோல் வழுவழுப்பான சதை. குதித்தால், வளைந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த நுங்குதான். டாஷ்ஹண்டுக்கு அது வயசுக்கு முன்பே முற்றிவிடுகிறது. ஒரு வயது நிறைவதற்குள்ளேயே பல டிஸ்க்குகளில் சுண்ணாம்பு படிய ஆரம்பித்துவிடும். காரணம் அதன் அழகிலேயே இருக்கிறது. எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் உபரி நகல் ஒன்று, எப்போதோ ஒரு மூதாதை நாயில், 18ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டது. கால்கள் குட்டையானதற்கு அதுதான் காரணம் என்று 2009இல் கண்டார்கள். அதே மரபணுவின் இன்னொரு நகல் 12ஆம் குரோமோசோமில் இருப்பதை 2017இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். டிஸ்க்கை முற்ற வைப்பது இந்த இரண்டாவது நகல். காலைக் குட்டையாக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. மனிதர்கள் எந்தக் குட்டைக் காலை விரும்பி இந்த இனத்தை வளர்த்தார்களோ, அதனோடு இந்த முதுகும் சேர்ந்தே வந்துவிட்டது. முற்றிய நுங்கு ஒரு குதிப்பில் வளையத்தைக் கிழித்து மேலே பீறிட்டு, தண்டுவடத்தை நசுக்கியிருக்கிறது.

எங்கே நசுங்கியது என்று பார்க்க எம்ஆர்ஐ. நாயிடம் அசையாமல் படு என்று சொல்ல முடியாது. ஆகவே மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும். அறைக்குள் நுழையுமுன் நர்ஸ் தன் பாக்கெட்டைக் காலி செய்கிறார்: கத்தரிக்கோல், பேனா, டார்ச், சட்டையில் தொங்கும் கடிகாரம். உள்ளே இருக்கும் காந்தம் 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. ஒரு கத்தரிக்கோல் அங்கே எறிகணையாகிவிடும். இரும்பாலான ஆக்சிஜன் சிலிண்டர் ஆளையே கொல்லும். மயக்க வாயு இயந்திரம் முதல் கண்காணிக்கும் கருவிவரை எல்லாமே காந்தத்துக்கு அகப்படாதவையாக இருக்க வேண்டும். நாய் குழாய்க்குள், அதன் மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. ஊர் கிளினிக்கில் விரல் நுனியில் இருந்த நோயாளி இங்கே ஒரு திரையாகவும் சில கோடுகளாகவும் மாறிப்போகிறது.

அந்தக் கோடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கேப்னோகிராஃப் வரைவது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கருவி அது. கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரை விழுங்கும் என்று 1859இல் ஜான் டிண்டல் லண்டனில் சோதித்துக் காட்டினார். பூமி சூடாவதற்கு அடிப்படையான அதே குணம். மூச்சுக்குழாயோடு இணைந்த சிறு அறை வழியாக அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினால், எவ்வளவு கதிர் காணாமல் போகிறதோ அவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று பொருள். நாய் மூச்சு விடும்போது கோடு மேலே ஏறி, சமதளமாகப் போய், மூச்சு இழுக்கும்போது பூஜ்யத்துக்கு விழும். ஒவ்வொரு மூச்சும் ஓரம் மழுங்கிய ஒரு பெட்டி. பெட்டியின் உயரம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருந்தால் நல்லது.

பெட்டியின் வடிவம் பேசும். ஏறும் பக்கம் சரிந்து சுறாவின் துடுப்புபோல் ஆனால் காற்றுப் பாதை எங்கோ இறுகியிருக்கிறது. கோடு கீழே பூஜ்யத்தைத் தொடாமல் நின்றால் நாய் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் தீர்ந்துபோயிருக்கலாம். பெட்டியே வரவில்லை என்றால் குழாய் மூச்சுக்குழலுக்குப் பதில் உணவுக்குழலில் இறங்கியிருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது வேறு: பெட்டிகள் நாலைந்து மூச்சுக்குள் மளமளவென்று குள்ளமாவது. செயற்கை சுவாசக் கருவி காற்றை ஒழுங்காக ஊதிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கரியமில வாயுவை உடம்பிலிருந்து நுரையீரலுக்குச் சுமந்து வருவது ரத்தம். ரத்தம் ஓடாவிட்டால் மூச்சில் அந்த வாயு இராது. இதயம் நிற்கப் போகிறது என்பதை மூச்சை அளக்கும் கருவி முன்கூட்டிச் சொல்கிறது! உயிர்மீட்பு முயற்சியில் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும்போதும், அழுத்தம் பலிக்கிறதா என்று பார்ப்பது இதே கோட்டில்தான். குள்ளமாகக் கிடந்த பெட்டி சட்டென்று உயர்ந்தால், இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது.

இவ்வளவு சொல்லும் கருவி இருக்கும்போது நர்ஸ் எதற்கு? கண்ணைப் பாருங்கள். மயக்கம் சரியான ஆழத்தில் இருக்கும்போது நாயின் கருவிழி கீழ்நோக்கி, மூக்குப் பக்கமாக உருண்டிருக்கும். மயக்கம் லேசானால் கருவிழி நடுவுக்கு வந்துவிடும். ஆபத்தான அளவுக்கு ஆழமாகப் போனாலும் நடுவுக்கே வந்துவிடும். ஒரே தோற்றம், நேரெதிரான இரண்டு பொருள். இமையோரத்தை விரலால் தொட்டு, தாடையை மெல்ல அகட்டி, அதில் எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்று உணர்ந்துதான் எது என்று சொல்ல முடியும். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை நாக்கில் மாட்டுவார்கள்; சௌ சௌ இனத்துக்கு நாக்கே கறுப்பு, கருவி திணறும். அப்போது ஈறைப் பார்க்க வேண்டும், நாடியைத் தொட வேண்டும். ஊர் கிளினிக்கில் எளிய கருவிகளோடு பல வருடம் விரலையும் கண்ணையும் நம்பி வேலை செய்தவருக்கு இது கைவந்த கலை. அவர் கையோடு கொண்டுவந்த சொத்து என்று முன்பு சொன்னேனே, அது இதுதான்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவர் தாளில் குறிக்கிறார். இதயத் துடிப்புக்குப் புள்ளி, மூச்சுக்கு வட்டம், ரத்த அழுத்தத்துக்கு மேலும் கீழுமாக இரு அம்புகள். ஊர் கிளினிக்கிலும் இதே தாள், இதே ஐந்து நிமிடம். அங்கே ஒரு கருத்தடை அறுவை முடிய எட்டுப் பத்துப் புள்ளிகள் போதும். இங்கே எம்ஆர்ஐ முடிந்து அப்படியே அறுவைக்குப் போனால் நாலரை மணி நேரம், 54 புள்ளிகள். தனித்தனியாக எந்தப் புள்ளியும் பயமுறுத்தாது. தாளைத் தள்ளி வைத்துப் பார்க்கும்போதுதான் கடைசி ஆறு புள்ளிகள் மெதுவாகச் சரிந்துகொண்டிருப்பது தெரியும். அந்தச் சரிவை எண் அபாய அளவைத் தொடுமுன் கண்டு சொல்வதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது.

இப்படிப் பார்ப்பதால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறதா? ராயல் வெட்னரி கல்லூரியின் டேவிட் பிராட்பெல்ட் தலைமையில் 2002 முதல் 2004 வரை பிரிட்டனின் 117 கிளினிக்குகளில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. சுமார் 98,000 நாய்கள், 79,000 பூனைகள். ஆரோக்கியமான நாய்களில் மயக்கத்தை ஒட்டி இறந்தவை ஏறக்குறைய 2,000இல் ஒன்று. ஏற்கெனவே நோயுற்ற நாய்களில் 75இல் ஒன்று. மேல்சிகிச்சைக்கு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை என்பதை நினைவில் வைக்க வேண்டும். பூனைகளுக்கு நாடியையும் ஆக்சிஜனையும் கண்காணித்தபோது ஆபத்து குறைந்திருந்தது. என்னை உலுக்கியது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. இறந்த நாய்களில் ஏறக்குறைய பாதியும், பூனைகளில் பாதிக்கு மேலும், அறுவை நடக்கும்போது இறக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு இறந்தன, அதிலும் பெரும்பாலும் முதல் மூன்று மணி நேரத்துக்குள். அறுவை நன்றாக முடிந்தது என்று எல்லோரும் கையுறையைக் கழற்றி மூச்சு விட்டுக்கொள்ளும் நேரம் அது. கருவிகளை அவிழ்த்து அடுத்த நாய்க்கு மாட்டியிருப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் கூண்டின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அறுவை முடிந்த டாஷ்ஹண்டுக்கு வலி மருந்து சிரிஞ்ச் பம்பில் ஓடுகிறது. கணக்கைப் பார்ப்போம். ஃபென்டனில், கிலோவுக்கு மணிக்கு 5 மைக்ரோகிராம். 9 கிலோவுக்கு 45 மைக்ரோகிராம். மருந்துப் புட்டியில் ஒரு மில்லிக்கு 50 மைக்ரோகிராம். ஆக மணிக்கு 0.9 மில்லி. புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் 9 மில்லி; மூச்சே நின்றுவிடலாம். ஊர் கிளினிக்கில் ஊசியாகப் போட்டுப் பழகியவருக்கு இந்தத் தசமக் கணக்குதான் முதல் சில வாரம் கனவிலும் வரும். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து போட்டு, இரண்டும் ஒத்தால்தான் பம்ப் ஓடும்.

பிறகு ஒரு பேனா. நாயின் முதுகுத் தோலை முதுகெலும்பின் ஓரமாக இடுப்பிலிருந்து மேலே கிள்ளிக்கொண்டே போனால், ஓர் இடத்துக்கு மேல் தோல் சுள்ளென்று சிலிர்க்கும். மாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்க்குமே, அதே சிலிர்ப்பு. சிலிர்ப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுகிறார் நர்ஸ். சில மணி நேரம் கழித்து மறுபடி கிள்ளிப் பார்க்கிறார். கோடு அங்கேயே இருந்தாலோ வால் பக்கம் இறங்கினாலோ நல்லது. தலைப்பக்கம் ஏறிக்கொண்டே போனால், நசுங்கிய இடத்திலிருந்து தண்டுவடம் உருகி மேல்நோக்கி அழிந்துகொண்டிருக்கிறது என்று அஞ்ச வேண்டும். அதற்கு மருந்து இல்லை. மூச்சுத் தசைகளை எட்டும்முன் நாயை நிம்மதியாக அனுப்பிவைக்க மருத்துவரும் வீட்டாரும் முடிவெடுக்க வேண்டும். வலி தெரியாத நிலையில் வரும் நாய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு இது நேரும். கோடிக்கணக்கில் விலையுள்ள காந்தம் அடுத்த அறையில் இருக்க, அந்த இரவின் மிகப் பெரிய செய்தியைச் சொல்வது ஒரு சாதாரணப் பேனாக் கோடு.

சிறுநீர்ப்பையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. தண்டுவடம் நசுங்கிய நாய்க்குச் சிறுநீர் கழிக்க உத்தரவு போகாது. பை நிரம்பிக்கொண்டே போய், இனி இடமில்லை என்றானதும் சொட்டுச் சொட்டாக வழியும். படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து, தானாகவே போய்விட்டதே என்று வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில் பை வெடிக்கும் அளவு நிரம்பியிருக்கும். அதிகம் விரிந்த தசை பிறகு சுருங்க மறந்துவிடும். நர்ஸ் இரண்டு உள்ளங்கைகளையும் அடிவயிற்றின் இருபுறமும் வைத்து, தண்ணீர் நிரம்பிய பலூன்போல் வழுக்கும் பையைத் தேடி, அவசரமில்லாமல் சீராக அழுத்துகிறார். திடீரென்று அழுத்தினால் நாய் வயிற்றை இறுக்கிக்கொள்ளும். வெளிவந்ததை அளந்து, நிறம் பார்த்து, தாளில் எழுதுகிறார். ஆறு மணி நேரத்துக்கோ எட்டு மணி நேரத்துக்கோ ஒருமுறை, இரவிலும். இந்தக் கையழுத்தத்தைப் புத்தகத்தில் கற்க முடியாது. இன்னொரு நர்ஸ் உங்கள் கைமேல் தன் கையை வைத்துத்தான் கற்றுத்தர முடியும்.

வலி இருக்கிறதா என்று நாயிடம் எப்படிக் கேட்பது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். முனகுகிறதா, புண்ணை நக்குகிறதா, காயத்தைச் சுற்றி மெல்ல அழுத்தினால் என்ன செய்கிறது, எழுந்து நடக்கிறதா என்று பார்த்து 24க்கு மதிப்பெண். 6 வந்தால் மருந்தைக் கூட்ட யோசிக்க வேண்டும். நடக்கவே முடியாத நம் நாய்க்கு நடைக் கேள்வியை விட்டுவிட்டு 20க்குக் கணக்கு. 5 வந்தால் போதும். பூனை இதைவிடக் கள்ளம். வலியில் இருக்கும் பூனை கத்தாது; அசையாமல் உட்கார்ந்திருக்கும்; நல்ல பிள்ளைபோலத் தோன்றும். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019இல் அதன் முகத்தையே அளவுகோலாக்கினார்கள். காது வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகி நீள்வட்டமாகியிருக்கிறதா, மீசை நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? ஐந்துக்கும் தலா இரண்டு, மொத்தம் 10. நாலு வந்தால் மருந்து. தலைமுறை தலைமுறையாக நர்ஸுகள் இந்தப் பூனை சரியில்லை என்று மட்டும் சொல்லி வந்தார்களே, அந்த உள்ளுணர்வுக்கு ஒருவழியாக எண் கிடைத்தது. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

சாப்பாட்டில்கூட ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. குழாய் வழியே உணவு ஊட்ட வேண்டிய விலங்குக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? எடையைப்போல் இரு மடங்கு என்றால் இரு மடங்கு உணவு என்று தோன்றும். ஆனால் உயிர்கள் அப்படி எரிவதில்லை. உடலின் ஆற்றல் தேவை எடையின் முக்கால் அடுக்கைப் பின்பற்றுகிறது என்று 1932இல் மேக்ஸ் கிளைபர் காட்டினார். அதை வைத்து நர்ஸ் போடும் கணக்கு: எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கு. 4 கிலோ பூனைக்குச் சுமார் 198 கிலோ கலோரி. 64 கிலோ கிரேட் டேன் நாய்க்கு 1,584. எடை 16 மடங்கு. உணவோ 8 மடங்குதான். சிறு உடம்பு ஒவ்வொரு கிலோவுக்கும் வேகமாக எரிகிறது. பட்டினியாக இரண்டு நாள் கிடந்த பூனையைப் பற்றி நர்ஸ் ஏன் அவ்வளவு பதறுகிறார் என்பதற்கு ஒரு காரணம் அந்தக் கணக்கில் இருக்கிறது.

மேல்சிகிச்சையில் மனத்தை மிகவும் சோதிக்கும் அறை எது என்று கேட்டால், கதிரியக்க அயோடின் கொடுத்த பூனைகள் இருக்கும் அறையைச் சொல்வேன். வயதான பூனைகளுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் வரும். 1979இல்தான் இதை முதலில் விவரித்தார்கள். அயோடின் 131 ஓர் ஊசி போட்டால், தைராய்டு அதை உணவென்று இழுத்துக்கொண்டு, கெட்ட திசுவை மட்டும் உள்ளிருந்தே எரித்துவிடும். ஒரே ஊசியில் 100 பூனைகளில் 95 அளவுக்குக் குணமாகின்றன. ஆனால் எட்டு நாளுக்கு ஒருமுறைதான் அதன் கதிர் பாதியாகும்; அது தணியும்வரை பூனையே ஒரு கதிர்மூலம். தூரம் இரட்டித்தால் கதிர் கால்வாசியாகும் என்பதால் நர்ஸ் தள்ளி நிற்க வேண்டும். நேரத்தைக் குறைக்க வேண்டும். சாப்பாட்டை வைத்து, மலத்தட்டை எடுத்துப் பூட்டிய அறையில் சேர்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். 80 நாள் போனால் அந்தக் கழிவில் கதிர் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கம்பிக்குப் பின்னால் பூனை கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு அழைக்கும். பூனைகளைக் கொஞ்ச வேண்டும் என்றே இந்தத் தொழிலுக்கு வந்தவர், அதன் நன்மைக்காகவே தொடாமல் திரும்புகிறார்.

இடம் மாறியவர்கள் இழப்பதும் உண்டு. ஊர் கிளினிக்கில் அவருக்கு நாயின் வரலாறு தெரியும். இங்கே அது ஒரு கோப்பாக வருகிறது. அங்கே ஐந்து வருடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பார்த்தார். இங்கே ஐந்து நாளை ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பார்க்கிறார். அந்த ஐந்து நாளுக்கு முன்னும் பின்னும் இருட்டு. அதனால்தான் ஊர் கிளினிக்கிலிருந்து வந்த நர்ஸுகள் கேட்கும் கேள்விகளில் ஒரு தனி ருசி இருக்கிறது. எந்தத் தட்டில் சாப்பிடும், கையால் ஊட்டினால்தான் தின்னுமா, ஆண்களைக் கண்டால் பயமா, தோட்டத்துக்குக் கூட்டிப்போய் எந்தச் சொல்லைச் சொன்னால் சிறுநீர் கழிக்கும்? நாளைக்கு அந்த நாயைத் தூக்கிக்கொண்டு புல்வெளியில் நின்று, வீட்டார் சொன்ன அதே சொல்லை அதே ராகத்தில் சொல்லிப் பார்க்க வேண்டியவர் அவர்தானே.

ஊர் கிளினிக்கிலிருந்து வந்த நர்ஸுகளுக்கு இன்னொன்றும் தெரியும்: இந்த நாய் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்பது. தோலில் எங்கே சிவந்தால் போன் செய்ய வேண்டும், கூண்டு ஓய்வு என்றால் சோபா ஓய்வு அல்ல என்பதையெல்லாம் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்த மாட்டார்கள். வீட்டாரின் கையைப் பிடித்து நாயின் வயிற்றில் வைத்து, பை எங்கே இருக்கிறது என்று அவர்கள் விரலுக்கே காட்டிக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். மிரண்டுபோன ஒரு குடும்பத்துக்குத் தாளில் எழுதியதெல்லாம் வீட்டு வாசலிலேயே மறந்துபோகும் என்பதை ஊர் கிளினிக்கின் மேசைதான் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

ஐந்தாம் நாள் நம் டாஷ்ஹண்ட் வீட்டுக்குப் போகிறது. பின்பாதி இன்னும் ஒரு துண்டின் தாங்கலில்தான் நகர்கிறது. மேல்சிகிச்சை நர்ஸ் பார்ப்பது அதுவரைதான். தையல் பிரிப்பது ஊர் கிளினிக்கில். பன்னிரண்டாம் நாள் காலை, அதே கதவு, அதே நர்ஸ். இந்த முறை துண்டில் சுற்றித் தூக்கி வரவில்லை. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கள் குடித்தவன்போல் தள்ளாடி, தன் நான்கு காலில் நாய் உள்ளே வருகிறது. வரவேற்பறையின் நடுவில் நின்று, யோசித்து, பின்னங்காலை மடக்கி, தரையில் தாராளமாகச் சிறுநீர் கழிக்கிறது. யாரும் அழுத்தாமல், தானாக.

துடைப்பதற்கு முன்னால் நர்ஸ் போனை எடுத்து, நூறு மைலுக்கு அப்பாலுள்ள அந்த வார்டைக் கூப்பிடுகிறார்.